கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

யுத்த காலத்தில் சேலத்தில் லாரி ஓட்டியவர்களுக்கு எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் பிழைப்பே. ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். சரியான இடத்தில் வீடு பிடித்தவனுக்குத்தான் கூலி.

என் வீட்டுக்காரர் அதுவரை வெளியூர் நடை ஓட்டிக்கொண்டிருந்தார். கடலூருக்குப் பாரம் ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. தலைப்பிரசவத்தில் நான் திருச்செங்கோட்டுப் பக்கம் மாமியார் வீட்டில் கிடந்து துடித்தபோது, அவர் ஆத்தூர் தாண்டி எங்கோ அச்சு முறிந்து நின்றிருந்தார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்ட ஆளில்லை. பிள்ளை தங்கவில்லை. மறுபடி முழுகாமல் இருந்தபோது முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கோணும். இல்லீனா என்னை எங்கப்பன் ஊட்டுலயே உட்டுருங்க.”

அவரும் இடம் தேடினார். ஓமலூரில் சந்தை நாளைத் தவிர வேலை இல்லை. அஸ்தம்பட்டியில் நல்ல காற்று, நல்ல நிழல்; பங்களாக்காரர்களுக்குக் கார் ஓட்டலாம். ஆனால் அவர்கள் கூலி கொடுப்பதைவிடப் பழைய சட்டை கொடுப்பதுதான் அதிகம். சூரமங்கலத்திலோ, ரயிலடி கூட்ஸ் ஷெட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு மூட்டை அடிக்கிற உள்ளூர் வேலை. கை நிறையக் கூலி, ராத்திரி வீட்டுச் சோறு. சூரமங்கலம்தான் என்று முடிவானது.

லாரி முதலாளி தன் ஷெட்டை ஒட்டி, டிரைவர்களுக்கென்று வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டியிருந்தார். விடிந்ததும் கணக்குப்பிள்ளை குடைக்காம்பால் முதல் கதவிலிருந்து தட்டிக்கொண்டே வருவார். முதல் கதவுக்கு உள்ளூர் நடை. கடைசிக் கதவுக்கு மிச்சம் மீதி, அதாவது வெளியூர். தட்டியவுடன் திறக்காதவன் மாலைக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வீடு. அவ்வளவு தேடியும் மறுபடி கடலூரே வாய்த்ததில் எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

முதல் வீட்டு டிரைவர் நெஞ்சு கெட்டு இருமிக்கொண்டிருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. லாரியின் பின்னால் இரும்பு உருளையை மாட்டி, கரியைப் போட்டு, காற்றாடியைச் சுற்றிப் பற்றவைத்து, அந்தப் புகையில்தான் எஞ்சினை ஓட்டினார்கள். புகையில் பாதி டிரைவருக்குள்ளும் போனது. அவருக்குக் கஞ்சி கொண்டுபோன பெண்கள் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கூரை மோட்டைப் பார்த்ததுதான் அதிகம், மழைக்கு ஒழுகுமா என்று. அவர் செத்தார். சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்றே அவர் மனைவியை வெளியேற்றினார்கள். அவள் பாத்திரங்களோடு தெருவில் நின்றாள். வரிசையில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம். கணக்குப்பிள்ளையின் நெல்லை என் வீட்டுக்காரர் ஓசியில் ஏற்றிப்போய் அவர் ஊரில் இறக்கியிருந்ததால் வீடு எங்களுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பொய் சொல்வானேன்?

வலி கண்ட அன்று காலையிலும் முதல் கதவுதான் தட்டப்பட்டது. கூட்ஸ் வண்டி வந்து நிற்கிறது, பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும் என்றார் கணக்குப்பிள்ளை.

“கூப்பிடு தூரத்துலதானே இருக்கறேன் அம்மணி. ஒரு சத்தம் குடுத்தா ஓடி வாரேன்,” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் போனார்.

கரி வண்டியை நடுவழியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் நெருப்பு மங்கிவிடும். மறுபடி காற்றாடி சுற்றிக் கிளப்புவதற்குள் அந்த நடையே போய்விடும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹாரனை அமுக்கினார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எனக்குத் தைரியம் சொல்கிறாராம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக் கிடந்தேன்.

மத்தியானம் குழந்தையின் கால் முதலில் வந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். “பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுங்க,” என்றாள். ஜட்கா வண்டி ஒன்றும் அகப்படவில்லை. அப்போது இவருடைய லாரி வரும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி ரோட்டுக்கு ஓடி, கையில் இருந்த துணியைத் தலைக்குமேல் ஆட்டி ஆட்டிக் கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை, துணி மட்டும் தெரிந்திருக்கிறது. பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு, சிரித்துக் கையாட்டிவிட்டு, செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். “பையனா, பொட்டப்புள்ளையா?” என்று வாசலிலேயே கேட்டார். பையன்தான். மூலையில் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

“நான் பக்கத்துலதானே இருந்தேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதரை அன்றைக்கு வெறுத்ததுபோல என் ஆயுளில் யாரையும் வெறுத்ததில்லை.

மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை கதவைத் தட்டினார். நடந்தது தெரிந்துதான் தட்டினார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். அடுத்த தட்டலுக்குக் காத்திருந்ததுபோல, பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளை யாரோ அவசரமாக விலக்கும் சத்தம் கேட்டது.

“எந்திரிச்சுப் போங்க,” என்றேன். “நீங்க ஊட்டுல இருந்து இனி ஆருக்கு என்ன ஆகப்போகுது?”

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கரி பற்றவைக்கப் போனார்.