ஏழாம் நம்பர் பஸ் ஏன் ஒழுகியது

பராமரிப்புக் கையேடு, பத்தி பதினான்கு, உட்பிரிவு இ: "கசிவின் மூலம் கண்டறியப்படும்வரை எந்த உறுப்பையும் மாற்றலாகாது." ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது ஆண்டுகள் பொறுப்பாளர். இந்த வரி எனக்கு மனப்பாடம். ஏழாம் நம்பர் பஸ் விஷயத்தில் இதை மூன்று முறை மீறினோம். மூன்று முறையும் முறைப்படி கையொப்பமிட்டுத்தான் மீறினோம்.

ஏழாம் நம்பர், குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பூந்தமல்லியில் உள்ள பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பழைய டீசல் பஸ். ஊரடங்கில் பல மாதம் ஷெட்டில் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எஞ்சின் ஆயில் ஒழுகியது. மார்ச் மாதம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கான சோதனை. அதில் தேறாவிட்டால் வண்டியைக் கழித்துவிடுவார்கள். மாற்று வண்டிக்கான கோப்பு எந்த வேகத்தில் நகரும் என்று எனக்குத் தெரியும். அப்படி நகர்த்தியவர்களில் நானும் ஒருவன். பொதுத்தேர்வு நேரத்தில் நாற்பது பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

1. தட்டு

நிர்வாகம் எடுத்த முதல் நடவடிக்கை, வண்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தது. தரையில் கறை படியக்கூடாது என்பது கட்டடங்களைக் கவனிக்கும் எஸ்டேட் பிரிவின் விதி. தட்டுக்குச் சொத்து எண் கொடுத்தார்கள். சொத்து எண் கொடுத்த பொருளை அனுமதிச் சீட்டு இல்லாமல் இடம் மாற்றக்கூடாது. பஸ் காலையில் பள்ளிக்குப் போனதும், காலி இடத்தில் தட்டு மட்டும் அசையாமல் கிடக்கும். பஸ் திரும்பி வந்து அரையடி தள்ளி நின்றால் ஆயில் தட்டுக்குப் பக்கத்தில் சொட்டும்.

"சார், தட்ட நவுத்த முடியாது, சரி. வண்டிய நவுத்தலாமா, அதுக்கும் சீட்டு கீதா?" என்றார் டிரைவர் கன்னியப்பன். அந்த பஸ்ஸைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டியவர்.

2. மூன்று கையொப்பங்கள்

முதலில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பின் கேஸ்கெட்டை, அதாவது இணைப்பில் கசியாமல் தடுக்கும் அட்டையை, மாற்றினோம். நான்கு நாள் காய்ந்திருந்தது. பிறகு எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் ஒழுகியது. அதன் கேஸ்கெட்டை மாற்றினோம். ஆயில் ஃபில்டரின் வளையத்தில் வந்தது. அதையும் மாற்றினோம். உடனே எஞ்சினின் பின்பக்கத்தில், கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டத் தொடங்கியது.

"இன்னா சார் இது, ஒரு எடத்த அடைச்சா இன்னோர் எடத்துல ஒன்னுக்கு போவுது? சக்கர வியாதி வந்த வண்டியா கீது."

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த மேலாளர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பின்னாடி ஒழுகுதா? அப்ப ரியர் ஆயில் சீல்தான்யா. கியர் பாக்ஸை இறக்குங்க."

கியர் பாக்ஸை இறக்கி ஏற்ற எங்கள் ஷெட்டில் ஒரு மாதம் ஆகும். எஃப்.சி.க்கு ஆறு நாள்தான் இருந்தது. அப்போதுதான் உட்பிரிவு இ என் நினைவுக்கு வந்தது. வர வேண்டிய நேரத்துக்கு மூன்று கேஸ்கெட் தாமதம்.

3. பவுடர்

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, மேலெல்லாம் டால்கம் பவுடர் தூவி, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ, அங்கேதான் கசிவு. சொட்டும் இடத்தை நம்பக்கூடாது. ஆயில் மேலே கிளம்பி, வழிந்து, தனக்குத் தோன்றிய மூலையில்தான் சொட்டும்.

பவுடர் கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதினேன். ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"பவுடரா? எஞ்சினுக்கா? எந்த வாசனை சார் வேணும்?"

"எதுவானாலும்."

"உதிரிப்பாக லிஸ்ட்ல பவுடர் இல்ல சார். மருத்துவமனை ஸ்டோர்ல கேளுங்க. அவங்க நோயாளி சீட்டு கேப்பாங்க."

மறுநாள் கன்னியப்பன் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். "எங்கூட்டம்மாவுது. மல்லி வாசனை. காலி டப்பாவ காட்டுனா என்ன உள்ள உடமாட்டா, சீக்கிரம் கண்டுபுடிங்க சார்."

எஞ்சினை ஓடவிட்டோம். ஓரிடத்தில் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். சம்ப், டாப்பெட் கவர், ஃபில்டர், பின்பக்கம் என எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் கறுத்தன. அத்தனை கேஸ்கெட்டும் ஒன்றாகப் பழுதாகாது. உள்ளே காற்றழுத்தம் ஏறி, கிடைத்த சந்திலெல்லாம் ஆயிலை வெளியே தள்ளுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினேன். அது என் கையிலிருந்து துள்ளிக் குதித்தது. சட்டை முழுக்க ஆயில்.

எஞ்சின் மூச்சுவிட ப்ரீதர் பைப் என்று ஒன்று உண்டு. கன்னியப்பன் வண்டிக்கு அடியில் படுத்து அதைத் தடவிக்கொண்டே போனார்.

"சார், மூக்குல கட்ட வெச்சிருக்காங்க சார்!"

பைப்பின் வாயில் ஒரு மர அடைப்பான். கம்பி சுற்றி, ஈய முத்திரை குத்தி, அதன்மேல் கறுப்புப் பெயின்டும் அடித்திருந்தது. பெயின்டைச் சுரண்டினார். முத்திரையில் எங்கள் பிரிவின் எண் இருந்தது.

ஊரடங்கில் நிறுத்திய வண்டிகளின் திறந்த குழாய்களை எல்லாம் அடைத்து முத்திரையிட ஒரு குழு அமைத்தார்கள். அதன் சுற்றறிக்கையை எழுதியவன் நான். அடைக்க வேண்டியவை பட்டியலில் பன்னிரண்டு குழாய்கள். திறக்க வேண்டியவை பட்டியலில் பதினொன்று.

4. கடிதம்

அதே சுற்றறிக்கையில் நான் இன்னொன்றும் எழுதியிருந்தேன்: பட்டியலில் இல்லாத முத்திரையைக் குழுவின் எழுத்துமூல அனுமதியின்றி உடைக்கக் கூடாது. குழுவின் உறுப்பினர் செயலரும் நான்தான். ஆகவே வாகனப் பொறுப்பாளர் என்ற முறையில், உறுப்பினர் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

"எழுதுனது நீங்க. வாங்கப்போறதும் நீங்க. நடுவுல லெட்டர் எங்க சார் போவுது?"

"நிர்வாக அலுவலகத்துக்கு."

"இன்னாத்துக்கு?"

"நம்பர் போட."

கடிதம் போனது, வரவில்லை. எஃப்.சி.க்கு முதல் நாள் பிற்பகல் கன்னியப்பன் என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் கட்டிங் பிளேயர்.

"சார், நாளைக்கு வண்டி தேறலன்னா திங்கக்கெழம புள்ளைங்களுக்கு கணக்கு பரீச்ச. நா இன்னா சொல்லட்டும் அதுங்களாண்ட? லெட்டர் வர்லன்னு சொல்லட்டா?"

எழுந்தேன். "நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம் ஆகும்."

"சூடா இருக்கும் சார். ஆற வெச்சி இருவது நிமிஷமா குடிங்க."

திரும்பி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ப்ரீதர் புகையை நிதானமாக விட்டுக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அடியில் விரித்துவைத்த அட்டை காலையில் காய்ந்தே இருந்தது. எஃப்.சி.யில் சொன்ன ஒரே குறை, முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இல்லை என்பது. திங்கட்கிழமை பிள்ளைகள் பஸ்ஸிலேயே பரீட்சைக்குப் போனார்கள்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்ல இரண்டுதான் உண்டு. கேஸ்கெட்டைக் குற்றம் சொல்லும் முன் ப்ரீதரைப் பாருங்கள். எதையாவது அடைக்கச் சொல்லி உத்தரவு எழுதினால், பேனாவை மூடும் முன் அதைத் திறக்கச் சொல்லும் உத்தரவையும் எழுதுங்கள்.

என் கடிதத்துக்குப் பதில் வந்தது. பொறுப்பாளருக்கு ஒரு உறை, உறுப்பினர் செயலருக்கு நகல் ஒரு உறை. இரண்டையும் நானே கையெழுத்திட்டு வாங்கினேன். "முத்திரையிட்ட குழு கலைக்கப்பட்டுவிட்டதால், மறு உத்தரவு வரும்வரை அடைப்பானை அகற்ற வேண்டாம்." அந்த அடைப்பான் அப்போது ஏழாம் நம்பரின் முன்கண்ணாடியில், எலுமிச்சம்பழத்துக்கும் மிளகாய்க்கும் நடுவே, முத்திரை கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கன்னியப்பன் எனக்குப் போட மாலையோடு நின்றார். தேதி ஜூன் 30, நான் ஓய்வுபெற்ற நாள்.