கொலோடியன் பை

வேலூர்ப் பெண்கள் மருத்துவப் பள்ளியில் நான் டாக்டருக்குப் படித்த காலத்தில் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வைப் பற்றி ஒரு பாடம் வந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, உப்பு போன்ற சிறு மூலக்கூறுகள் அவற்றில் நுழைந்து போகும், கஞ்சி மாவு போன்ற பெரியவை போகாது என்றார் ஆசிரியை. எனக்கு அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். காயத்தின்மேல் தடவும் கொலோடியன் என்ற பசைத் திரவத்தில் செயற்கையாக அப்படி ஒரு சவ்வு செய்யலாம், ஆனால் இந்த வெயிலில் சரியாக வராது, படம் வரைந்தால் போதும் என்றார் அவர். நான் விடாமல் கேட்டு ஒரு புட்டி வாங்கிக்கொண்டேன்.

என்னோடு ஒரே ஆய்வுக்கூட மேசையில் வேலை செய்தவள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவரின் மகள், வீட்டில் உருது பேசுபவள். என் அப்பா அந்த ஷாப்பில்தான் தோல் ஊறவைத்தார். ஊரில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சோதனைக் குழாயில் கொலோடியனைச் சுழற்றிக் கவிழ்த்தால் உள்சுவரில் மெல்லிய படலம் ஒட்டும். அதிலுள்ள ஈதர் பறந்து படலம் இறுகியதும் தண்ணீர் விட்டு உருவினால் ஒரு பை கிடைக்கும். முதல் பையை அவசரப்பட்டு உருவினோம்; கிழிந்தது. அடுத்தது நொடியில் காய்ந்து வெங்காயச் சருகு போல விறைத்தது. அதில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்ட உப்பு, மாலைவரை வெளியே வரவில்லை. துளைகள் சுருங்கிவிட்டிருந்தன.

"பேஜாரா இருக்கு. படமே வரைஞ்சிடலாம்" என்றாள் அவள்.

"நீ வரை. நான் செஞ்சிட்டுத்தான் வருவேன்" என்றேன்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் ஒரு பானைத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"வெயில் ஜாஸ்தியாவறதுக்குள்ள முடிச்சிடலாம்."

குழாயைப் பானைத் தண்ணீரில் குளிரவைத்துப் படலம் பூசினோம். விரலில் ஒட்டாமல், ஆனால் இன்னும் மெத்தென்று இருந்தபோதே தண்ணீர் விட்டேன். பை முழுதாக வந்தது.

கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கரைத்து உள்ளே ஊற்றி, வாயைக் கட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் தொங்கவிட்டோம். மதியம் வெளித்தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டதும் பால்போல் வெளுத்தது. உப்பு வந்திருந்தது. பிறகு பை தொங்கிய தண்ணீரில் அயோடின் சொட்டினேன். மாவு கசிந்திருந்தால் அந்தத் தண்ணீர் நீலமாகியிருக்கும். அது மஞ்சளாகவே நின்றது. பைக்குள்தான் மெல்ல மெல்ல நீலம் ஏறியது. அயோடின் உள்ளே போய்விட்டது. மாவால் வெளியே வர முடியவில்லை.

ஆசிரியை குனிந்து வெகுநேரம் பார்த்தார். மறுபடியும் செய்ய வருமா என்று கேட்டார்.

"வரும்" என்றோம் இருவரும். அந்த வாரமே எங்களுக்குக் கீழே படித்த மாணவிகளுக்கு நாங்கள் செய்து காட்டினோம்.