கயிற்றில் தொங்கிய முகமூடி வீரன்

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் என் பாவாவுக்கு, அக்கா புருஷனுக்கு, படிக்கத் தெரியாது. பத்திரிகையில் வரும் முகமூடி வீரன் தொடர்கதையை வாராவாரம் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

அது படமாகி வந்திருக்கிறதென்று இன்று திருத்தணி டூரிங் டாக்கீசுக்கு அவரை அழைத்துப் போனேன்.

கதையில் ஒரே தாவலில் கோட்டையைத் தாண்டுகிறவன், படத்தில் கயிற்றில் தொங்கியபடி, தொப்பை குலுங்க, பாட்டுப் பாடுகிறான். கயிறு வேறு பளிச்சென்று தெரிகிறது.

பாவா பாதியிலேயே எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும், "அடுத்த வாரக் கதை படிக்கட்டுங்களா பாவா?" என்றேன்.

"வேணாம்ப்பா. நீ படிக்கச்சே என் மனசுல வந்தவன் வேற ஆளு. இனிமே இந்தத் தொப்பதான் வந்துகினு இருக்கும்."

படமெடுத்த புண்ணியவானின் விலாசம் யாருக்காவது தெரியுமா? திட்டி எழுத எனக்கு நன்றாகவே வரும்.