வாய்க்காலில் ஊறிய கடல்நாற்று

அப்பாவுக்குக் கடல் பிடிக்காது. நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் வீணாக்கும் இடம் அது என்பது அவர் கட்சி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலைத் தொட்டுக்கொண்டு வாய்க்கால் ஓடியது. அதில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அந்தத் தண்ணீர் பாயாத எதையும் விவசாயம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. மானாவாரிக்காரர்களையே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், நடுக்கடலில் பாசி பயிரிடப் போகிறேன் என்று சொன்னேன்.

"எத்தன கோட்டை வெதப்பாடு?" என்று கேட்டார். கேலிதான். எவ்வளவு விதை பிடிக்கும் என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கம் வயலை அளப்போம்.

"ரெண்டு கோட்டை வெதப்பாடு வரும்" என்றேன், சளைக்காமல்.

"வரப்பு எங்கன போடுவ? அலை மேலயா?"

"வரப்பு வேண்டாம். வரப்புச் சண்டைக்கு உங்கள மாதிரி கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம்."

அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வாய் கொஞ்சம் நீளம்தான். இப்போதும் குறையவில்லை.

ரம்சான் மாதத்தில் மேலப்பாளையத்து வீடுகளில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுவார்களே, கடல்பாசி, அது கஞ்சிப்பாசி என்ற செடியிலிருந்து வருவது. கல்லூரியில் தாவரவியல் படித்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். கடலோரத்துப் பெண்கள் மூச்சுப்பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து அதைப் பிய்த்து வந்து விற்பார்கள். பிய்த்துப் பிய்த்துப் பாறைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. மதுரைப் பக்கத்துக் கடல்பாசி ஆலைக்காரர் ஒருவர், மாதம் தவறாமல் ஒரு லாரி தர முடிந்தால் எத்தனை வருஷமானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பாறையை நம்பி அதற்கு ஒத்துக்கொள்ள முடியாது. பயிரிட்டால்தான் உண்டு.

எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் பத்துக் கயிறு கட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பத்துக் கயிறு கட்டினால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம், லாரியை நிரப்ப முடியாது. எனக்கு அலை உடையும் இடத்தைத் தாண்டிய திறந்த கடல் வேண்டும். அங்கே மூங்கில் மிதப்புகளுக்கு நங்கூரக்கல் போட்டு, நடுவே நீளக் கயிறுகளை இழுத்துக் கட்டி, சாணுக்கு ஒரு பாசித்துண்டைச் செருக வேண்டும். மற்றதை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். உவரிக்குத் தெற்கே ஒரு வள்ளக்காரர் சம்மதித்தார். மூழ்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கயிறு கட்ட வந்தார்கள். மிதப்புகளைக் கடலில் இறக்கியும் விட்டோம்.

அந்த நேரம் பார்த்து எனக்கு அரசுப் பள்ளியில் வேலைக்கு உத்தரவு வந்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். அப்பா உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு தடவ நட்டுப் பாரு. மாசம் முடியதுக்குள்ள கயித்துல பயிரு பிடிச்சிட்டுன்னா ஒன் இஷ்டம். பிடிக்கலன்னா பேசாம பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும். சரியா?"

"சரி" என்றேன். அந்தச் சரியை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

விதைப்பாசி ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஒரு தை மாதத்துக் காலையில் லாரியில் வந்தது. கடல் தண்ணீரில் நனைத்த நாற்பது சாக்கு. நானும் அதிலேயே ஏறிக் கடற்கரைக்குப் போய், மத்தியானத்துக்குள் நட்டுவிடுவதாக ஏற்பாடு. லாரி வாசலில் வந்து நிற்கும்போது எங்கோ கோயில் மணி அடித்தது. மாதா கோயில் மணி. அப்போதுதான் உறைத்தது, அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கரையில் ஞாயிறன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. மாதக்கணக்கில் அவர்களோடு பழகியும் நாள் குறிக்கும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. ராகுகாலம் பார்க்கத் தெரிந்த குடும்பம், கிழமை பார்க்கவில்லை.

நிழலில்லாத கடற்கரை மணலில் ஒரு பகல் கிடந்தால் பாசி வெந்துவிடும் என்று சாக்குகளைப் புறவாசல் வேப்பமர நிழலில் இறக்கினேன். கூடவே இரண்டு டிரம்மில் கடல் தண்ணீரும் வந்திருந்தது.

"அப்பா, மணிக்கொருக்க இந்தத் தண்ணியத் தெளிச்சா மட்டும் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எப்படியாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று பஸ் பிடித்துக் கடற்கரைக்கு ஓடினேன்.

வள்ளக்காரர் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றார். "தங்கச்சி, என் சொந்த வலை அறுந்து போனாலும் இன்னைக்கு நான் எறங்க மாட்டேன். நாளைக்கு வெள்ளென வாங்க. நாப்பதையும் நட்டுப்புடலாம்" என்றார்.

நான் திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் பன்னிரண்டு சாக்குதான் கிடந்தது. அப்பா இடுப்பில் துண்டோடு வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தார். சாக்குகளைப் பிரித்து, பாசியைக் கைப்பிடி கைப்பிடியாக முடி கட்டி, நெல் நாற்றை நடவுக்கு முன்னால் வைப்பதுபோல வரிசையாகத் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். வாடிய நாற்று எழும்ப வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அதைத்தான் செய்வார்கள். கேலி பேசிய மனிதர், சாப்பிடக்கூடப் போகாமல், ஒண்டியாளாக அவ்வளவையும் கட்டியிருந்தார்.

"நாத்துல போயி உப்புத் தண்ணிய ஊத்தச் சொல்லுதியேட்டி. கருகிராதா? நல்ல தண்ணியில நிறுத்தியிருக்கேன். பாரு, எப்படி வெளுத்துத் தெளிஞ்சிருக்குன்னு" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

வெளுத்துத்தான் இருந்தது. ஒரு முடியைத் தூக்கினேன். கையில் கூழாக வழுக்கிற்று. கடல்பாசிக்கு நல்ல தண்ணீர் எமன். இருபத்தெட்டுச் சாக்கும் செத்துப் போயிருந்தது.

"கொன்னுட்டீயளேப்பா!" என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைத்தேன், நடுவில் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும். அவர் வாய்க்காலை விட்டு ஏறவே இல்லை. கையில் இருந்த முடியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பையச் சொன்னார்.

"தப்பு என்னுதுதான். இத ஒன் கணக்குல சேக்க வேண்டாம். நான் ஒனக்கு இன்னொரு தடவ தாரேன்."

பெருந்தன்மையான பேச்சுதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதைக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அப்போதோ எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் தந்த ஒரு தடவை போய்விட்டது, இப்போது இன்னொன்று தருகிறார். இது தவறினால் அடுத்ததற்கும் அவரிடம்தான் கை நீட்ட வேண்டும். அவர் பாசியை வாய்க்காலில் போட்டது தெரியாமல் செய்த பிழை. நான் சரி என்று தலையாட்டியது தெரிந்தே செய்தது.

"நீங்க ஒண்ணும் தர வேண்டாம்ப்பா. நான் கேக்கவும் இல்ல" என்றேன்.

உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த உத்தரவை எடுத்தேன். வேலையில் சேர விருப்பமில்லை என்று அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினேன். மிச்சமிருந்த பன்னிரண்டு சாக்கு பிழைக்குமா என்பது அப்போது எனக்கே தெரியாது. மறுநாள் விடியற்காலை, கடற்கரைக்குப் போகும் வழியில் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டேன்.

பன்னிரண்டு சாக்கையும் நட்டோம். பெரும்பாலான கயிறுகள் காலியாகத்தான் மிதந்தன. பாசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. விதை தனி, விளைச்சல் தனி என்று கிடையாது. ஒன்றரை மாதத்தில் ஒரு துண்டு மூன்று நான்கு மடங்காகும், அதை நறுக்கித் திரும்பக் கட்டலாம். மாசிக் கடைசியில் நறுக்கினோம். ஒன்றையும் விற்காமல் முழுவதையும் திரும்பக் கட்டினோம். சித்திரையில் எல்லாக் கயிறும் நிறைந்துவிட்டது. ஆனியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வந்து மிதப்புகளைப் புரட்டிப் போடுவதற்குள், வைகாசியில் அறுத்தோம். மணலில் காயவைத்து ஒரு சின்ன லாரி நிறைய ஏற்றினேன்.

மதுரைக்குப் போகிற லாரியை எங்கள் தெருவுக்குள் திருப்பச் சொன்னேன். அவசியமே இல்லை. சைவப் பிள்ளைமார் தெரு, மீன் வாடை அடித்தால் மூன்று வீடு தள்ளிக் கதவடைப்பார்கள். நாறட்டும் என்றுதான் வாசலில் நிறுத்தினேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

அப்பா வெளியே வந்தார். ஐந்து மாதமாக எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, ஒரு சாக்கைப் பிரித்து, கையை அடியில் விட்டு அள்ளி, இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக் கசக்கினார்.

"அடி ஈரம் போகல. இப்பிடியே கொண்டு போனா அவன் திருப்பி அனுப்பிருவான்" என்றார்.

சண்டைக்கு வாயெடுத்தேன். கையை விட்டுப் பார்த்தேன். ஈரம்தான்.

டிரைவர் திட்டத் திட்ட மூட்டைகளை இறக்கினோம். நெல் காயப்போடுவதுபோல அப்பா தெரு நீளத்துக்குப் பாசியைப் பரப்பினார். எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "என்ன அண்ணாச்சி இது, தெருவுல?" என்று கேட்டார்.

"அறுப்பு வே. சாயங்காலம் வரைக்கும் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, அப்பா பாசியைக் கிளறத் தொடங்கினார்.