குலசாமி முன்னால் முதல் சோறு

என் மூத்த மகளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது நாங்கள் இலங்கை மலைநாட்டில், ராகலை பஜாரில் இருந்தோம். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. தெருவைப் பார்த்தபடி பலசரக்குக் கடை, சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் புகை வெளியேறாத அடுப்படி. கடையை என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் நடத்தினார்கள். அண்ணன் எனக்கு மூத்தார் முறை. எங்கள் வீடுகளில் அப்போது மூத்தார் முன்னால் வந்து நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் சொல்வது என் வீட்டுக்காரர் வழியாக எனக்கு வரும், நான் சொல்வது அதே வழியாகத் திரும்பிப் போகும். போகிற வழியில் பாதி உதிர்ந்துவிடும்.

பிள்ளை அப்போதே சாப்பாட்டுக்கு ஏங்க ஆரம்பித்திருந்தாள். நான் கவளத்தை உருட்டினால் அவள் வாயைத் திறப்பாள். நான் மென்றால் அவளும் வெறும் ஈறால் மெல்லுவாள். பருப்பும் சோறும் குழைத்து ஊட்டலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் கடைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

"நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு மொதச் சோறு குலசாமி கோயில்லதான் ஊட்டணுமாம். வைகாசியில ஊருக்குப் போயிடலாம்னு அண்ணன் சொல்றாரு."

ஊர் என்றால் மதுரைக்குத் தெற்கே. ராகலையிலிருந்து சின்ன ரயிலில் நானுஓயா, அங்கிருந்து ரயில் மாறித் தலைமன்னார், பிறகு கப்பல், தனுஷ்கோடி, அதற்கப்புறமும் ஒரு நாள் பாடு. வைகாசி வந்தது, கடையை ஒரு ஆள் தனியாகப் பார்க்க முடியாது என்றார்கள். ஆடியில் மழை கொட்டி, மண் சரிந்து, ரயில் நின்றது. ஆவணியில் கேட்டேன், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கட்டும் என்று பதில் வந்தது.

"கேவுரு கூழாவது காய்ச்சிக் குடுக்கட்டுமான்னு கேளுங்க."

கேட்டுவிட்டு வந்தார். "தானியம் எதுவும் கூடாதாம்."

"கஞ்சித் தண்ணி?"

"அதுவும் அரிசிதானேங்கிறாரு. பசும்பாலும் சீனித் தண்ணியும் குடுக்கச் சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் ஊட்டியிருக்கலாமே என்று இப்போது என் பேத்திகள் கேட்கிறார்கள். மறுநாள் பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட சாமி குத்தம் என்று என் தலையில் விழும். ராகலைக் குளிரில் எந்தப் பிள்ளைக்குச் சளி பிடிக்காது?

அடுத்த வீட்டில் மரக்கறி விற்கும் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். அவள் மகனும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அவன் கேரட்டும் சோறும் மசித்துச் சாப்பிட்டு, கன்னம் இரண்டும் தொங்க உட்கார்ந்திருப்பான். அவள் என் மகளின் கையைத் தடவிப் பார்த்து, "பபாட்ட படகினி" என்பாள். பாப்பாவுக்குப் பசி என்று அர்த்தம். அதை அவள் சொல்லித்தானா எனக்குத் தெரியவேண்டும்! பால் குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுகிறாள், எனக்கோ பால் குறைந்துகொண்டே வருகிறது. கீழே முதல் பல் முளைத்தது. அதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவள் கடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தவழ ஆரம்பித்ததும் இன்னும் மோசம். கண் அசந்தால் திரைக்குக் கீழே புகுந்து கடைக்குள் போய்விடுவாள். ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். மாசித் துண்டு. மரக்கட்டை மாதிரி காய்ந்த மீன். அதைப் பிடுங்கியதற்கு அவள் அழுத அழுகையில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு மூத்தாரே காலையில் பிள்ளையை வாங்கிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எனக்குச் சமைக்க நேரம் கிடைத்தது. ஆனால் கொஞ்ச நாளில் வேறு கவலை வந்தது. கடையிலிருந்து திரும்பினால் பால் குடிக்கமாட்டாள், தலையைத் திருப்பிக்கொள்வாள். அழுகையும் குறைந்துவிட்டது. பசித்துப் பசித்துப் பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்தேன்.

"டாக்டரு ஐயாகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நல்லாத்தானே விளையாடுறா," என்றார்.

அடுத்த நாள் கடையிலிருந்து திரும்பியபோது அவளுடைய சட்டைக் கழுத்து மடிப்பில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். வாயை மோந்து பார்த்தேன். தேத்தண்ணி வாசம்.

மறுநாள் திரையை விலக்கிப் பார்த்தேன். பேக்கரியிலிருந்து வரும் பணிஸை, அந்தச் சின்ன இனிப்பு ரொட்டியை, பிய்த்து, தன் தேத்தண்ணியில் தோய்த்து, ஊதி ஊதி மூத்தார் ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகள் கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நிற்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

திரையைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தன நாளா இது?" என்று கேட்டேன்.

மூத்தார் எழுந்து தம்பியைப் பார்த்தார். தம்பி வழக்கப்படி, "எத்தன நாளான்னு கேக்குறாண்ணே," என்றார்.

"எனக்குக் காது கேக்குதுடா." பிறகு முதல்தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "பணிஸுதானேம்மா. சோறு இல்லையே."

"பணிஸ எதுல செய்யுறாங்க மாமா, மண்ணுலயா?"

தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் முகம் சிவந்தது.

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கைய நீட்டுச்சு. எப்படிம்மா பாத்துக்கிட்டே திங்கிறது?"

"என்கிட்டயுந்தான் நீட்டுச்சு. மாசக்கணக்கா நீட்டுச்சு. நான் பாத்துக்கிட்டேதான் தின்னேன்."

அவர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். "என் புள்ளைங்க மூணும் ஊர்லதான் பொறந்துச்சுங்க. போறப்போவெல்லாம் ஓடுற வயசாத்தான் பாத்திருக்கேன். ஒண்ணும் என் கையால வாங்கித் தின்னதில்ல."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டு மசித்து, இத்தனை மாதமாக மனசுக்குள் ஊட்டிய அந்தக் கவளத்தை அவள் வாயில் வைத்தேன்.

துப்பிவிட்டாள்.

மறுபடி வைத்தேன். மறுபடி துப்பினாள். கடைப் பக்கம் கையைக் காட்டிக் கத்தினாள். கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் எறியவேண்டும் போல இருந்தது. சாயங்காலம் ஊட்டினேன், மறுநாள் ஊட்டினேன், எல்லாம் என் சேலையில்தான் விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"கொஞ்சம் சீனி போட்டுப் பாக்கலாமாம்."

"ஒண்ணும் சொல்லவேண்டாம்னு சொல்லுங்க."

கடைசியில் அந்தச் சிங்களப் பெண்தான் வந்து உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கை உப்புப் போட்டு அவித்து, தன் மகனுக்கு ஒரு வாய், என் மகளுக்கு ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அவன் தின்பதைப் பார்த்து இவளும் தின்றாள். கிழங்கோடு சோற்றைச் சேர்த்தோம். கிழங்கு குறைந்தது, சோறு கூடியது. ஒரு வாரத்தில் சாப்பிடுகிற பிள்ளையாகிவிட்டாள். என் கையால் அல்ல, அவள் கையால்.

தை பிறந்ததும் ஊருக்குப் போனோம். ஒரு ஆள் தனியாகப் பார்க்க முடியாது என்ற அதே கடையை இப்போது தனியாகப் பார்ப்பதற்காக மூத்தார் வரவில்லை. கோயிலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஆள் ராகலையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தார். என் மகள் அப்போது நடந்துகொண்டிருந்தாள். பூசாரி பொங்கலை எடுத்ததும் அவளே கையை விட்டு அள்ளித் தின்றாள். மொதச் சோத்தையே எவ்வளவு ஆசையாத் திங்குது பாரு என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூத்தாரின் மனைவி என் பக்கத்தில் நின்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் பொங்கலுக்காக இலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவரு நல்லா இருக்காரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இருக்காரு."

"புள்ளைகிட்ட ஆசையா இருப்பாரா?"

"இருப்பாரு அக்கா."

"எப்பவாவது தூக்கி வச்சுக்குவாரா, ஊட்டுவாரா?"

அத்தனை மாத ஆத்திரமும் என் வாய்வரை வந்தது. இவரிடம் அதைச் சொல்ல முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

"ஊட்டுவாரு," என்றேன். அக்கா தன் கடைசி மகனின் தலையைத் தடவிக்கொண்டே சரி சரி என்று தலையாட்டினார்.