நீல டிரம்மில் வந்த சோறு

புட்டம்மாவின் பசு செத்ததற்கு நான்தான் காரணம். பழியை அவள் தலையில் போட்டவனும் நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

போன வாரம் ஓசூரில் ஒரு கல்யாணம். கை கழுவப் பின்பக்கம் போனால், நீல டிரம்களில் மிச்சச் சோறு வெயிலில் புளித்துக்கொண்டிருந்தது. அந்த வாடை ஏறியதும் கையைக் கழுவாமலே திரும்பிவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன் கெலமங்கலம் சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசராக இருந்தேன். படித்தது வேதியியல். வீட்டில் இரண்டு சீமை மாடுகள். பால் கறந்தது, சாணி அள்ளியது எல்லாம் என் மனைவி. நான் சாணியை மிதித்துவிட்டால் மூன்று முறை சோப்புப் போடுவேன். கேன்டீனில் மட்டும், “நானும் விவசாயிதான்ப்பா” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஒரே அச்சு.

புட்டம்மா பக்கத்துக் கொட்டகைக்காரி. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பசு, கெம்பி. சானமாவுக் காட்டோரம் போய்ப் புல்லறுத்துத் தலையில் சுமந்து வருவாள். சாணியை விரலால் கிளறிப் பார்த்தே மாட்டுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

என் மாடுகளுக்குக் கேன்டீனில் மிஞ்சிய சோற்றை டிரம்மில் கொண்டுவந்து போடுவேன். ஒருமுறை என் மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “படிச்சவர்தானே சார்? நாலு கரண்டிக்கு மேல சோறு போட்டா உள்ளே புளிச்சு மாடே போயிடும்” என்றார். அமிலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான்! அவமானமாக இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த மாதமே சானமாவில் யானைகள் இறங்கின. புட்டம்மா வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, நாலு நாளா புல்லுக்குப் போவ முடியல. ஒங்க மாட்டுக்குப் போடற சோறு கொஞ்சம் இருந்தா குடுங்கண்ணா.”

அன்று ஏதோ இயந்திரம் பழுதாகி இரண்டாவது ஷிப்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டிரம் தளும்பத் தளும்பச் சோறு.

“கொஞ்சம் எதுக்கு? முழுசா எடுத்துட்டுப் போ. கெம்பிக்கு இன்னிக்கு விருந்து.”

“இவ்ளோ போடலாமாண்ணா?”

கேட்டாள். கேட்கத்தான் செய்தாள். நாலு கரண்டி என்றால் என் மாடு படுத்த கதையையும் சொல்ல வேண்டும்.

“படிச்சவன் சொல்றேன், போடு.”

விடிந்தபோது கெம்பி தரையில் கிடந்தது. டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஊர் கூடி, “இன்னா தின்னுச்சி?” என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

“பக்கத்துக் கொல்லையில இளஞ்சோளம் மேஞ்சிருக்கும். கட்டி வெக்கத் துப்பில்ல.”

இளஞ்சோளப் பயிர் மாட்டுக்கு விஷம் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதில் மாட்டை விட்டவள் என்பதைவிடக் கேவலமான பேர் மாடு வளர்ப்பவளுக்கு இல்லை. “கட்டித்தாண்ணா வெச்சிருந்தேன்” என்றாள். சோறு கொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. கயிறு அவிழ்ந்திருக்குமோ என்று அவளே பாதி நம்பிவிட்டாள். பால் சொசைட்டி வரிசையில், “இருவது வருசமா மாடு வெச்சவளுக்கு இளஞ்சோளம் தெரியலையாம்!” என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாடு இல்லாதவர்களுக்கு வாரத்துக்குக் கிடேரி கொடுப்பது அங்கே வழக்கம். வளர்த்துக் கொடுத்தால் ஈனும் கன்றில் பங்கு உண்டு. புட்டம்மா ஏழெட்டு வீட்டுப் படி ஏறினாள். ஒருவரும் கொடுக்கவில்லை. நானும்தான். கடைசியில் எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டது நான். பெருந்தன்மையாம்!

முதல் வாரம் அவள் என் டிரம்மில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். “போதும், நாலு கரண்டிக்கு மேல மாட்டுக்கு ஆகாது” என்றேன். கரண்டி அப்படியே நின்றது. பிறகு மூடியைப் போட்டு டிரம்மை என் பக்கம் நகர்த்தினாள். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவள் கையால்தான் அந்த டிரம்மை வாங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் கெட்டது. போன தை மாதம் ஒரு சிவப்புக் கிடேரியை வாங்கினேன். முதலில் பழைய சொசைட்டிக்குப் போனேன். இப்போது அது பாக்கெட் பால் கடை. வரிசையில் நின்றவர்களிடம் உரக்கச் சொன்னேன், கெம்பியைக் கொன்றது என் சோறு என்று. தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒருவர் பணிவாக, “கெம்பின்னா யாரு சார்?” என்றார். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

கிடேரியை ஓட்டிக்கொண்டு புட்டம்மாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் இருப்பது, தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகளில் ஓர் அறை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்ணா. நாலு கரண்டின்னு சொன்னீங்களே, அன்னிக்கே.”

“கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்மா.”

“நான் மாடு வெச்சிருந்ததே தெரியாதவங்ககிட்டயா?” சிரித்தாள். எழுந்து வந்து கிடேரியின் தாடையைச் சொறிந்தாள், முதுகைத் தடவினாள், குனிந்து மடியைப் பார்த்தாள். “நல்ல எடுப்பு.”

தெரு முழுக்க சிமென்ட். முளையடிக்க ஒரு சாண் மண் இல்லை. கயிற்றை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“ஓட்டிட்டுப் போங்கண்ணா. சாணிய நீங்களே அள்ளுங்க.”

அள்ளுகிறேன்.