வேகமாகத் திறந்த வரன் பட்டியல்

இருபது வருடமாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி, பல் டாக்டர், பொரிகடலைக் கடை என்று யார் கேட்டாலும் செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் போன் அடித்தாலே அலுப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே குறைதான். சைட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

பெருந்துறையில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவரும் அதையேதான் சொன்னார். ஒரு காலத்தில் ஜாதகங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர். இப்போது எல்லாம் தளத்தில்தான். வரன் பட்டியல் திறக்கப் பதினைந்து நொடி ஆகிறது, அதற்குள் பெற்றவர்கள் பொறுமை போய் வேறு மையத்துக்கு ஓடிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

தளத்தோடு கேஷ் பிளகின் என்கிற சின்ன மென்பொருள் ஒன்றைச் சேர்த்தால் தீரும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தை ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தயாரிக்காமல், ஒருமுறை செய்ததை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்து வருகிறவர்களுக்கும் அதையே நீட்டும் வேலை அது. மெஸ்ஸில் காலையில் அவித்து ஹாட் பாக்ஸில் வைத்த இட்லி மாதிரி. எந்தப் பிளகின் என்பதுதான் தலைவலி. நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று இலவசம், ஆனால் அதை அமைப்பதற்கே எட்டுப் பக்கம். இன்னொன்றைப் போட்டதும் ஜாதகக் கட்டம் உடைந்து, பன்னிரண்டு ராசியும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. மூன்றாவதற்கு விமர்சனம் படித்தால் ஒருவர் தெய்வம் என்கிறார், அடுத்தவர் என் பிழைப்பே போச்சு என்கிறார்.

ஐந்தாம் நாள் எனக்கு வெறுத்துவிட்டது. மூன்றாவதையே போட்டேன். வேகத்தைச் சோதிக்கும் கருவி அப்போதும் ஆரஞ்சு வட்டம்தான் காட்டியது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருகிறவர்களுக்கும் பக்கத்தைச் சேமித்து வைக்கலாமா என்று ஓரமாக ஒரு கட்டம் இருந்தது. அதை ஏன் முதலிலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. டிக் அடித்தேன். பார்க்கிறவர்கள் போனிலும் ஒரு மாதம் பக்கம் தங்கட்டும் என்று பக்கத்துக் கட்டத்தையும் டிக் அடித்தேன். வட்டம் பச்சையானது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் வரன் பேசினால் முதல் கேள்வியே என்ன கூட்டம் என்பதுதான். கூட்டம் என்பது குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள். பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், முகத்தையே பார்த்திராவிட்டாலும் அவ்வளவுதான், பேச்சு அதோடு முடிந்தது. அந்தத் தளத்தின் பெருமையே இதில்தான் இருந்தது. உள்ளே வருகிறவரின் கூட்டத்தை விட்டுவிட்டு மற்ற வரன்களை மட்டும் காட்டும். பங்காளி வரன் இங்கே வராது என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அதை நம்பி, ஜனங்கள் நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நான் டிக் அடித்த பிறகு, முதலில் வந்தவருக்குத் தயாரான பட்டியல்தான் அன்றைக்கு வந்த எல்லோருக்கும் போயிருக்கிறது.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. இப்போது சடக்கென்று திறக்கிறது என்று மையக்காரர் போன் செய்து சந்தோஷப்பட்டார். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அடுத்து ஒரு திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, என்னங்க இப்பிடிச் செஞ்சுபோட்டீங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிங்காநல்லூர்ப் பெண், காங்கேயத்துப் பையன். ஜாதகம் பொருந்தி, இரண்டு வாரமாகப் போனில் பேசி, இருவருக்கும் மனசுக்குப் பிடித்துப்போய், முந்தின நாள்தான் பையன் வீட்டார் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். காபி கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையை முதலில் எந்தக் கோயிலில் வைப்பீர்கள் என்று பெண்ணின் அம்மா பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். பையனின் அம்மா குலதெய்வத்தின் கோயிலைச் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டுக்கும் அதே கோயில். அதன் பிறகுதான் கூட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் பாதிக் காபியோடு எழுந்துவிட்டார்கள்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் தானே நேரில் போய்வருவதாகச் சொன்னார். பெண்ணிடம் மட்டும் நான் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று நம்பரைக் கொடுத்தார். அன்றைக்கே இரண்டு டிக்கையும் எடுத்தேன், சேமித்திருந்ததையெல்லாம் துடைத்தேன். பட்டியல் பழையபடி பதினைந்து நொடிக்குப் போனது. அந்த நம்பரை மூன்று நாள் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். என்னவென்று சொல்ல? அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணே மையத்தில் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் தடுத்துவிட்டாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"அதெல்லாம் வேண்டாங்க்கா. ஒண்ணு மட்டும் கேக்கோணும். அவரு வரனை எடுத்தாச்சுன்னு மையத்துல சொல்றாங்க. எனக்குப் போன்ல தொறந்தா இன்னும் வருதுங்க."

அது தளத்தில் இல்லை, அவள் போன் எடுத்து வைத்துக்கொண்ட பழைய பக்கம் என்று விளக்கினேன். அமைப்புகளுக்குள் போய் இரண்டு இடத்தில் தொட்டால் அழிந்துவிடும், நானே வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். அவள் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"அழிக்கலீன்னா என்னாகுமுங்க?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு. இன்னும் பத்துப் பன்னண்டு நாள்ல தானாப் போயிரும்."

பின்னால் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"அப்ப அதுவரைக்கும் இருக்கட்டுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.